கண்ணுத்தின்னிக் குருவிக்கு வாய் வெட்டிய கதை

குடத்தின் பின்வாய் வழியாக முழங்கை வரைக்கும் கையை விட்டு, போன வருஷத்து வைக்கோலையும் இறகையும் சருகாகிப்போன வேப்பிலையையும் வழித்து வழித்து வெளியே போட்டுக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன், கை வேலையாக இருந்தால்தான் எனக்கு வாய் வரும், கை சும்மா இருந்தால் யார் முகத்தையும் பார்த்து நாலு வார்த்தை பேச வராது, என் பெயர் பேச்சி என்று கேட்டவர்கள் எல்லாரும் முதலில் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். இது தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம்தான். வெள்ளைச் சிமெண்டு பூசி, முன்பக்கம் ஒரு பூதத்தின் முகத்தைத் தலைகீழாக வரைந்து, படுக்கை வசமாகக் கம்பத்தில் தொங்கவிட்டால் குருவிக்கு வீடாகிவிடும். எங்கள் ஊமத்தங்குளத்தில் இன்றைக்கு வாசலில் இப்படி ஒரு பூதம் தொங்காத வீடு கிடையாது, வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் குடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்க்கிறார்கள், அத்தனை குடத்துக்கும் வாய் வெட்டியது இந்தக் கைதான்.

கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க்கண் விழாமல் இருக்கத் திருஷ்டிப் பூதம் தொங்கவிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தவசிக்கனி அண்ணாச்சி சவுதியில் ரொம்பக் காலம் கடை வைத்திருந்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் மாடிவீடு கட்ட ஆரம்பித்தபோது, பூசணிக்காய் என்றால் அழுகி வடியும் என்று சொல்லி, முற்றிய சுரைக்காய் மாதிரி உப்பின ஒரு பிளாஸ்டிக் பூதத்தலையை டவுனிலிருந்து வாங்கிவந்தார். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து அங்கே கொத்தனார். சாரத்தின் உச்சியில் நின்று அவசரத்தில் கட்டியவர் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டார், வாய் மேலே, மூக்கு நடுவில், கண் கீழே.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்து, "என்னடே சுடலை, பூதம் சிரசாசனம் செய்யுது?" என்றார்.

"நேரா நின்னு முறைச்சாப் பயப்படுதவன் தலைகீழா நின்னு முறைச்சாலும் பயப்படத்தானே செய்வான் அண்ணாச்சி" என்று இவர் மேலேயிருந்து சொன்னார், அண்ணாச்சி சிரித்துவிட்டார், சிரிப்போடு அது அப்படியே கிடந்துபோயிற்று.

அந்தப் பங்குனியில்தான் குருவிகள் வந்தன. நிழலில் பார்த்தால் காக்கைக் கறுப்பு, வெயில் பட்டால் கத்திரிப்பூ நிறம், வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருக்கும், கால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. ஆணும் பெண்ணுமாக வந்து பூதத்தின் வாய்க்குள் நுழைந்து குடியிருக்க ஆரம்பித்தன. பால்கார ஆவுடையப்பன் தாத்தா அது கடல் தாண்டி வந்த ஜாதி என்றார், அண்ணாச்சி தன் பின்னாலேயே சவுதியிலிருந்து வந்திருக்கும் என்றார், யாரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. பறந்து பறந்து எதையோ பிடித்துத் தின்றன. ஈ என்று நினைத்தோம்.

அது என்ன தின்கிறது என்பது சொர்ணம் மைனியால் தெரியவந்தது. சொர்ணம் மைனி எனக்கு அண்ணி முறை, எங்கள் அடுத்த வீடு, அண்ணாச்சி வீட்டில் சித்தாள் வேலை, பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. அவளுக்குக் கொள்ளிக்கண் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவரைக்கொடி நல்லா ஏறியிருக்கே என்று அவள் சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் கொடி தலையைத் தொங்கப் போடும், புதுச் சைக்கிளைப் பார்த்தால் டயர் வெடிக்கும், அவள் தெருவில் வருகிறாள் என்றால் பால்சட்டிக்குத் தட்டு விழும், கைப்பிள்ளைகளின் முகம் தோளுக்குத் திரும்பும். அவளுக்கும் அது தெரியும். அதனால் தரையைப் பார்த்தே நடப்பாள், ஆனால் மனுஷி எத்தனை நேரம்தான் தரையையே பார்ப்பாள்?

என் மகள் தங்கக்கனியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவள் பிறந்தபோதே கொழுகொழுவென்று, தலை நிறையச் சுருட்டை முடியோடு பிறந்தாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அழகு அழகு என்றார்கள், சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல், பால் குடிக்க மாட்டாள், கண் சொருகிவிடும். அதனால் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு, அதற்கு மேல் என் முந்தானை. அவள் நடை பழகிய பிறகும் தெருவில் ஒருவரும் அவள் முகத்தை முழுசாகப் பார்த்ததில்லை. கேட்டால், "என்னமோ இருக்கா, கறுப்பா, நோஞ்சானா" என்று சொல்லுவேன். பெற்றவள் வாயால் அப்படிச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு முத்தம் கொடுப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் இவருக்குச் சோறு கொண்டுபோனேன், பிள்ளை இடுப்பில். மேல்காற்று ஒரு வீச்சு வீசி முந்தானையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிரில் தலையில் மணல்சட்டியோடு சொர்ணம் மைனி. அவள் பார்த்தாள். தரையைப் பார்க்க மறந்துபோய், வாய் லேசாகத் திறந்து, என் பிள்ளையையே பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து கொசு மாதிரி ஒன்று புறப்பட்டு வந்தது. வெயிலில் மினுக்மினுக் என்று சுற்றிச் சுற்றி என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வந்தது. நான் திரும்புவதற்குள் பூதத்தின் வாயிலிருந்து குருவி பாய்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி போய், அதைக் கொத்திக்கொண்டு மேலே ஏறியது. கடுகு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தங்கக்கனி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

சொர்ணம் மைனி சட்டியை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைத் தடவினாள். "ஏட்டி பேச்சி, இங்கன என்னமோ எரிஞ்சுகிட்டே கிடந்துச்சு. குளுந்துட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை.

ஊரில் ஒருவரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. கண் படுகிறது, கண் படுகிறது என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தோம், இப்போது அது நம் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதானே. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பார்க்கப் பழகிவிட்டது. புதுச்சேலையைப் பார்க்கிற கண்ணிலிருந்து கொசு அளவுக்கு வரும், விளைந்து நிற்கிற வயலைப் பார்க்கிற கண்ணிலிருந்து தேனீ அளவுக்கு வரும், ஓரகத்திகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் வண்டு மாதிரி ரீங்காரத்தோடு வரும், எது வந்தாலும் குருவி விடுவதில்லை. கண்ணுத்தின்னி என்று பெயர் வைத்தோம். பிள்ளைகளுக்கு மைப்பொட்டு வைப்பது நின்றது, சுற்றிப்போட வைத்திருந்த மிளகாய் வற்றல் குழம்புக்குப் போயிற்று, பெட்டியில் பூட்டி வைத்த பட்டுகள் எல்லாம் தண்ணீர் பிடிக்கிற குழாயடிக்கே வந்தன. அதுவரை எங்கள் ஊரில் எவனாவது நல்லா இருக்கியா என்று கேட்டால், என்னமோ ஓடுது என்பதுதான் பதில். இப்போது கேட்டுவிட்டு நிற்க முடியாது.

"எம் மவன் ரயில்வேயில சேந்துட்டான், கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன். எம் மருமவ வைக்குத மீன்கொழம்ப நீரு தின்னு பாக்கலையே. தின்னா ரயிலாவது ஒண்ணாவதும்பீரு."

"எங்க வீட்டு ஆட்டுக்கு உம்ம மவனவிட முடி ஜாஸ்தி வே!"

இப்படிக் குழாயடியில் பெருமை பேசிப் பேசி, கேட்டவர்களுக்கு வயிறு எரிந்து எரிந்து, எரிந்ததைக் குருவி தின்று தின்று, பேசினவர்களும் கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே குடம் தூக்கிப் போவார்கள். சொர்ணம் மைனி நிற்கிற இடத்தில் குருவிக்கு நல்ல இரை என்று ஆனதும், அவளைக் கண்டால் கதவடைத்த வீடுகளில் எல்லாம், "சொர்ணம், ஒரு எட்டு வந்து எம் பேரனப் பாத்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டு, எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். அவள் நிமிர்ந்து நடந்தாள். நிமிர்ந்தால் அவள் என்னைவிட உயரம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஆளாளுக்குத் தன் வீட்டிலும் குருவி வேண்டும் என்று ஆசை வந்தது. டவுனுக்குப் போய் அதே பூதத்தலையை வாங்கிவந்து ஒழுங்காக, கண் மேலே வாய் கீழே என்று நேராகக் கட்டினார்கள். வந்தது மைனா. மஞ்சள் காலோடு வந்து, உட்கார்ந்து, உள்ளே போய் அசிங்கம் செய்துவிட்டு, ஊரெல்லாம் கேட்கக் கத்தியது. மைனாவுக்குக் கண்ணைத் தின்னத் தெரியாது, கண்ணுத்தின்னியின் முட்டையை உடைக்கத்தான் தெரியும். புதிதாக வந்த கண்ணுத்தின்னி ஜோடிகள் ஒவ்வொன்றும் மைனாவிடம் அடிபட்டுத் திரும்பிப்போயின. அண்ணாச்சி வீட்டுச் சாரத்தில் இருந்த ஜோடி மட்டும் நிம்மதியாக இருந்தது.

நான் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள், அண்ணாந்து பார்ப்பதுதான் என் வேலை. பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது. நேராகக் கட்டிய பூதம் சிரிக்கும், கீழுதடு தொட்டில் மாதிரி தொங்கும், மைனா அந்தத் தொட்டிலில் காலை இறக்கி நின்றால் நெஞ்சு சரியாக வாசலுக்கு வந்துவிடும், உள்ளே போய்விடும். தலைகீழாகக் கட்டிய பூதத்துக்கு அழுகிற வாய், மேலே வளைவு, அடியில் பல்வரிசை நேர்கோடு, அந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் மூக்கு ஒரு படி. கண்ணுத்தின்னிக்குக் கால் இல்லாத குறை, அது மூக்கில் வந்து படுத்து வயிற்றாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மைனா நெட்டைக்கால்காரி, மூக்கில் நின்றால் தோள் வளைவில் இடிக்கும், குனிந்தால் கால் மடங்காது, திட்டிவிட்டுப் போய்விடும். என் இரண்டு விரலை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு உயரம்தான் வாய் இருக்க வேண்டும், ஒரு நகம் கூடினாலும் மைனா வீடு.

இதை இவரிடம் ராத்திரிச் சோற்றின்போது சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம்.

"ஏளா, நான் தலைகீழா கட்டினது தப்பில்லேங்கியா?"

"தப்புதான். நல்ல தப்பு."

"அப்ப ஊருக்குச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா, தப்ப மறைக்கச் சொல்லுதாம்பானுவ" என்று சிரித்தார்.

சொல்லாமல், செய்துதான் பார்த்தேன். முதலில் காய்ந்த சுரைக்குடுக்கை, குருவிக்குப் பிடித்திருந்தது போலத்தான் இருந்தது, ஆனால் கோடைமழை ஒன்றுக்கே ஊறிப் பிளந்துவிட்டது. மண்பானை குளுமை, காற்று அடித்தால் கம்பத்தில் மோதிச் சில்லு சில்லாகும். பெயிண்ட் வாளி தோசைக்கல் மாதிரி சுடும். கடைசியில் என் இடுப்பில் தினமும் உட்காருகிற பிளாஸ்டிக் குடத்தையே பார்த்தேன். நல்ல வயிறு, விழுந்தாலும் உடையாது, இரண்டு வீட்டுக்காரி ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தாலும் சண்டைதான் வருமே தவிர விரிசல் வராது. ஆனால் நீலக்குடத்துக்குள் வெயில் புகுந்து நீலமாகவே கிடக்கும், எந்தக் குருவி அதில் முட்டையிடும்? இவருடைய வெள்ளைச் சிமெண்டை எடுத்து உள்ளே இருட்டாகும் வரைக்கும் மேலே பூசினேன், வெக்கையும் குறைந்தது. உள்ளே வழுக்கும், குஞ்சுக்குக் கால் அகன்றுபோகும், அதனால் சிமெண்டும் மணலும் கரைத்து உள்ளே ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி, அம்மியைக் கொத்தின மாதிரி சொரசொரப்பு ஏற்றினேன். அடியில் பழுக்கக் காய்ச்சின கம்பியால் தண்ணீர் வடிய ஓட்டைகள். குடத்தின் சொந்த வாய் பின்பக்கம், அதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை மூடி, கையை விட்டுச் சுத்தம் செய்ய. முன்பக்கம் கறிக்கத்தியைச் சூடாக்கி அழுகிற வாய் வெட்டினேன். அடியில் மூக்குக்கு என்ன செய்ய என்று யோசித்து, அறுந்த ரப்பர் செருப்பின் குதிகாலை வெட்டி ஒட்டினேன், செருப்பின் அடியில் கோடு கோடாக இருக்குமே, குருவி நகத்துக்கு நல்ல பிடி. மழைக்கு வளைத்த தகரம் ஒன்று. மூக்குக்குக் கீழே, அசலில் இருக்கிற மாதிரியே, தலைகீழாகக் கண்ணும் வரைந்தேன்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். "புருஷன் தலைகீழா கட்டுவாரு, பொண்டாட்டி தலைகீழா வரைவா" என்றார் ஆவுடையப்பன் தாத்தா. "ஏட்டி, பூதத்துக்குச் செருப்பையா மூக்கா வச்சிருக்க, அது மோந்து பாத்தா என்ன ஆகும்?" என்றாள் சொர்ணம் மைனி. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். குடம் எங்கள் வாசல் கம்பத்தில் காலியாகத் தொங்கியது. பழைய டிவி ஆன்டெனாக் குழாய் ஒன்றை நட்டு, கிணற்றுக் கப்பி ஒன்றை மேலே மாட்டி, ஏற்றவும் இறக்கவும் தோதாக இவர்தான் செய்து கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி வீட்டுக்குப் பால்காய்ப்பு நாள் குறித்தார்கள். வீடு முடிந்தால் பூதம் இறங்க வேண்டும், இறங்கின பூதத்தை முச்சந்தியில் உடைத்துவிட வேண்டும், அது அந்த வீட்டுக் கண்ணையெல்லாம் வாங்கி வைத்திருக்கும் தலை, இன்னொரு வாசலில் கட்டக் கூடாது. பூதத்தின் வாய்க்குள் அப்போது குஞ்சுகள், கண் திறந்து, இறகு முளைக்காமல்.

அண்ணாச்சியே என் வாசலுக்கு வந்தார். "எனக்கு மட்டும் ஆசையா தாயி? மவள கட்டிக்கொடுத்த எடத்துலேர்ந்து வாராங்க, பூதத்தத் தொங்கவிட்டுக்கிட்டா பால் காச்சுவேன்? குஞ்ச எடுத்து உன் குடத்துல போட்டுக்க. தலைய மட்டும் உடைச்சிருதேன்."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் குஞ்சை எடுத்துவிடலாம், தாயையும் தகப்பனையும் யார் எடுத்து வைப்பது? இந்த ஜோடி போய்விட்டால் ஊரில் கண்ணுத்தின்னி கிடையாது. கதவுகள் மூடிக்கொள்ளும், சொர்ணம் மைனி தரையைப் பார்ப்பாள், தங்கக்கனி மறுபடியும் என் முந்தானைக்குள் போவாள், நான் மறுபடியும் என்னமோ இருக்கா, கறுப்பா, நோஞ்சானா என்று சொல்ல வேண்டும். இனிமேல் என்னால் அதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குருவிகள் இரை தேடிப்போன நேரம் பார்த்து இவர் சாரத்தில் ஏறித் தலையை இறக்கினார். நான் கூட்டை அப்படியே வைக்கோலோடும் வேப்பிலையோடும் இரண்டு கையிலும் ஏந்தி என் குடத்துக்குள் வைத்து, சிரட்டையை மூடி, கப்பியில் ஏற்றினேன். அண்ணாச்சி தலையை முச்சந்தியில் உடைத்தார். குருவிகள் வந்தன. தலை இருந்த இடத்தைச் சுற்றின, வெறும் காற்றில் வாசலைத் தேடின, பக்கத்து ஊரில் பிடித்த இரை வாய் நிறைய இருக்க, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குடத்துக்குள் குஞ்சுகள் கத்தின. தெருவே கூடிவிட்டது.

"சொர்ணத்த கூப்பிடுங்க. சொர்ணம் நின்னு பாத்தா எரைக்கு வந்துட்டுப்போவுது" என்றார் ஆவுடையப்பன் தாத்தா.

சொர்ணம் மைனி வந்து குடத்துக்குக் கீழே நின்றாள். என் பிள்ளையைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முகம் சிவக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"முடியல பேச்சி. எல்லாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காப்பி குடுத்து என் வயித்தக் குளுத்திட்டாங்க. எரிய மாட்டேங்குது."

அவள் மட்டும் இல்லை, ஊர் வயிறு முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. ரயில்வே மகனைப் பெற்றவர் ஓடிவந்து மகனைப் பற்றிப் பேசிப் பார்த்தார், மீன்குழம்பு மருமகளின் மாமியார் குழம்பைப் பற்றிச் சொன்னாள், ஆட்டுக்காரர் ஆட்டையே கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின பெருமைகள், யாருக்கும் ஒரு பொட்டுப் பொறாமை வரவில்லை. குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

இவர் என்னைப் பார்த்தார். "ஏளா, இந்த ஊர்ல பேசப் பெருமை இருந்தும் இதுவரைக்கும் பேசாதவ நீ ஒருத்திதான். உங்கிட்டதான் சரக்கு பூரா அப்படியே இருக்கு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், கப்பிக்கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, "இந்தக் கொடத்த நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"செஞ்ச. சரி" என்றாள் சொர்ணம் மைனி.

"வேற யாரும் செய்யல. நீங்க எல்லாரும் நேரா கட்டுனீங்க. எனக்கு மட்டுந்தான் அழுவுத வாய்தான் நல்ல வாய்னு தெரிஞ்சது. அம்புட்டுப் பேரும் பாத்தீங்க, ஒருத்தருக்கும் தெரியல."

கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒரு கொசு புறப்பட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே எதுவோ திறந்துகொண்டது. எங்க வீட்டுக்காரரு தின்ன தட்ட அவரே கழுவி வைப்பாரு, எங்க வீட்டுச் செவுருல ஒரு விரிசல் கிடையாது, நான் சுட்டா பணியாரம் ஒண்ணுகூடக் கருகாது, அஞ்சாம் கிளாசோட நின்னுட்டேன், ஆனா அந்த அஞ்சு வருஷமும் மனக்கணக்குல நாந்தான் மொதல் என்று, இத்தனை வருஷமும் முந்தானைக்குள் வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவில் வைத்தேன். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகக் கொசு, தேனீ, ஒரு வண்டு. குருவிகள் திரும்பிப் பார்த்தன. வரவில்லை. பற்றாது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நான் சொர்ணம் மைனியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நிறுத்தாதட்டி" என்றாள். "குஞ்சு கத்துது. சொல்லு. எனக்குன்னு சொல்லு."

தங்கக்கனியைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடித்தேன். "எம் மவள மாதிரி ஒரு பிள்ள இந்த ஊர்ல பொறக்கல. இவ முடியப் பாருங்க, கன்னத்தப் பாருங்க. கறுப்பும் இல்ல, நோஞ்சானும் இல்ல, நான் சொன்னதெல்லாம் பொய்யி. இவ தூங்கும்போது எங் காதப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவா. நான் கொஞ்சம் நகந்தாக்கூட, கண்ணத் தொறக்காமலே தேடுவா மைனி. என்னத்தான் தேடுவா. ஒலகத்துல வேற யாரையும் தேட மாட்டா."

சொர்ணம் மைனி பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அவள் கண்ணிலிருந்து வந்தது. மழை விட்ட மண்ணிலிருந்து ஈசல் புறப்படுகிற மாதிரி, பொலபொலவென்று, அடக்கமாட்டாமல், அவளுக்குள் அத்தனை வருஷமும் அடியில் கிடந்தது எல்லாம் சிறகு முளைத்து வெளியே வந்து, வாசல் முழுக்க மினுங்கியது. எதிர்ச்சாரத்திலிருந்து இரண்டு குருவிகளும் ஒரே நேரத்தில் திரும்பின. எங்கள் தலைகளுக்கு நடுவில் புகுந்து, கிழித்துக்கொண்டு போய்த் திரும்பி, மறுபடியும் புகுந்து, தெருவெல்லாம் கடுகு வெடிக்கிற சத்தம். ஈசலை விரட்டிக்கொண்டே மேலே ஏறின தாய்க்குருவி குடத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது. உள்ளே குஞ்சு கத்தியது. செருப்பு மூக்கில் வந்து படுத்தது. வயிற்றால் வழுக்கி உள்ளே போயிற்று.

பின்னாலேயே ஒரு மைனா வந்து மூக்கில் நின்று, தோளை இடித்துக்கொண்டு, திட்டிவிட்டுப் போனது. அப்போதுதான் தெரு கைதட்டியது.

சொர்ணம் மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "அடியில எம்புட்டுக் கெடந்திருக்கு பாரு" என்றாள். பிறகு, "இங்க குடு அவள" என்று கையை நீட்டினாள். தங்கக்கனி போனாள். போன உடனே அவள் காதைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது, என் கண்ணிலிருந்தும் கொசு மாதிரி ஒன்று புறப்பட்டது, தகப்பன் குருவி வந்து கொத்திக்கொண்டு போனது. ஊரே பார்த்துச் சிரித்தது.

அண்ணாச்சி பால் காய்ச்சினார், முதல் டம்ளர் சொர்ணம் மைனிக்கு, இரண்டாவது எனக்கு. சம்பந்தக்காரர்கள் வீட்டைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்தார்கள். குஞ்சுகள் பறந்த அன்றைக்கு சொர்ணம் மைனி தெருத்தெருவாகப் போய், "எங் கண்ணால வளந்த பிள்ளைக, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள், அவள் வாழ்க்கையில் அவள் பேசின முதல் பெருமை அது, அதைக் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள் கண்ணிலிருந்து தேனீ தேனீயாக வந்தது.

அதற்கப்புறம் வருஷா வருஷம் குருவிகள் கூடிக்கொண்டே போகின்றன, இரைக்கு என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசி, சாயங்காலம் குடத்தடியில் ஆளுக்கு ஒரு முறை வைத்துப் பெருமை பேச வேண்டும், சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று. அதனால் புதுசாகச் சொல்வதற்காகவே புதுசாக எதையாவது செய்கிறார்கள், ஆவுடையப்பன் தாத்தா இந்த வயதில் நீச்சல் படிக்கிறார், மீன்குழம்பு மருமகள் தையல் மிஷின் வாங்கி எல்லாருடைய ஜாக்கெட்டிலும் கத்திரிப்பூக் குருவி போடுகிறாள், ரயில்வே மகன் லீவில் வந்து ஊர்க்குளத்தைத் தூர்வாருகிறான். இன்றைக்கு என் முறை. எனக்கு இப்போதெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை, எழுந்து நின்று, கயிற்றைக்கூடப் பிடிக்காமல், இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே பூதத்துக்கு வாய் வெட்ட என்னை மாதிரி ஒருத்தி கிடையாது என்று சொல்லுவேன், அது பழசு என்று சொர்ணம் மைனி கத்துவாள், பழசில்லை மைனி, இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது, நான் வெட்டுகிற வாய்க்கும் டவுனில் விற்கிற வாய்க்கும் என்ன வித்தியாசம் என்றால், நான் கத்தியை வைக்கிறதுக்கு முந்தி முதலில் என்ன செய்வேன் தெரியுமா, குடத்தை மடியில் போட்டு, என் பிள்ளைக்குச் செய்கிற மாதிரியே அதன் தாடையைப் பிடித்து — இந்தா வாரேன் மைனி, ஏன் இப்படிக் கூப்பாடு போடுத, ஊரு கூடிட்டா, அதுக்குள்ளயா, சரி சரி, தங்கக்கனியக் கூட்டிட்டு வந்துருதேன், நீங்க அதுவரைக்கும் யாரையாவது பெருமை பேசச் சொல்லுங்க.